அலமாரியில் இருந்ததெல்லாம் மண்டைக்குள் போனதா?

கோலாலம்பூர் செந்தூலில் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பேச்சு அவருடைய புத்தக அலமாரி பக்கம் திரும்பியது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவர். மேல் தட்டில் பெரியார் புத்தகங்கள். அதற்குக் கீழே திருமந்திர உரை, வள்ளலார் பாடல்கள். ஓரத்தில், இந்தியாவுக்குப் போனபோது வாங்கி வந்த, மாஸ்கோவில் அச்சான மார்க்ஸ், லெனின் தமிழ் மொழிபெயர்ப்புகள். "மாமா உள்ளுக்குள்ள நாத்திகர்தான், பாரு" என்றான் அத்தை மகன். "போடா, திருமந்திரம் எப்படித் தேய்ஞ்சிருக்கு பாரு, அவரு சைவ சித்தாந்தி" என்றாள் அக்கா. சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கம்யூனிஸ்ட்டு. அந்தக் காலத்துப் பயம், வெளிய சொல்லல."

மூன்று பேர் பார்த்தது ஒரே அலமாரியை, கிடைத்தது மூன்று பெரியப்பா. காரிய வீட்டில் எதற்கு வம்பு என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இதே வேலையைத்தான் பெரிய பெரிய தத்துவவாதிகளுக்கும் நாம் செய்துகொண்டிருக்கிறோம், பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபக் கூட்டத்திலிருந்து மாமாக் சாப்பாட்டுக் கடை மேசை வரைக்கும். "அவர் வீட்டில் இந்தப் புத்தகம் இருந்தது, அவர் தத்துவமே அதிலிருந்து வந்ததுதான்" என்று ஒரே வாக்கியம். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலு படி ஒளிந்திருக்கிறது: வைத்திருந்தார், படித்தார், ஒத்துக்கொண்டார், அதை வைத்து எழுதினார். முதல் படியில் நின்றுகொண்டு நாலாவது படிக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். நடுவில் என்னதான் நடக்கிறது என்பதைத் தத்துவம் பக்கமே போகாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

## முதலில் குசினிக்குள் போவோம்

உங்கள் வீட்டுக் குசினி அலமாரியை முன்பின் தெரியாத ஒருவர் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்பு, புளி, ஒரு போத்தல் கிச்சாப், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கொடுத்த பெலாச்சான் (இறால் விழுது) பொட்டலம். "இந்த வீட்டில் பெலாச்சான் போட்டுத்தான் சமைக்கிறார்கள்" என்று அவர் எழுதிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அந்தப் பொட்டலத்தை நீங்கள் பிரிக்கவே இல்லை. தினமும் குழம்பில் விழுகிற கறிவேப்பிலையோ அந்த அலமாரியிலேயே கிடையாது, எதிர்வீட்டுச் செடியில் கேட்டுப் பறிப்பது.

ஆள் கொஞ்சம் விவரமானவர் என்றால் மூடிகளைப் பார்ப்பார். எந்த மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு, எதில் தூசி. இன்னும் விவரமானவர் மளிகைக்கடை ரசீதைத் தேடுவார். இதையெல்லாம் விட விவரமானவர், ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு குழம்பைச் சாப்பிட்டுப் பார்ப்பார். ஏனென்றால் அதே சாமானை வைத்து அம்மா வைக்கிற குழம்பும் பெரியம்மா வைக்கிற குழம்பும் ஒன்றில்லை.

இந்தக் குசினியை மனசில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் இதன் மேல்தான் வரப்போகிறது. அலமாரிதான் நூலகம். ரசீது என்பது புத்தகப் பட்டியல். மூடிப் பிசுக்கு, படித்தவர் போட்ட குறிப்பு. எதிர்வீட்டுக் கறிவேப்பிலை, இரவல் புத்தகம். குழம்புதான் அவர் எழுதிய தத்துவம்.

தனியார் நூலகம் என்று இங்கே நான் சொல்வது, ஒருவர் தன் சொந்தப் படிப்புக்காக வாங்கியோ, பரம்பரையாகப் பெற்றோ, நண்பர் விட்டுப்போனதை எடுத்து வைத்தோ சேர்த்த புத்தகங்களை. இன்றைக்கு நமக்கு இது ஒரு பொழுதுபோக்கு மாதிரித் தெரியலாம். 16, 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அப்படி இல்லை. யாரும் போய் எடுத்துவரக்கூடிய ஊர் நூலகம் அரிது, புத்தகமோ விலை அதிகம். ஒருவர் எதைப் படிக்க முடியும் என்பதை, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் எந்தச் சுவர் இருந்தது, அந்தச் சுவரில் என்ன இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

## ரசீது மட்டும் கிடைத்தால்: ஸ்பினோசா

ஸ்பினோசா என்ற தத்துவவாதி 1632இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், போர்த்துகீசிய யூதக் குடும்பம். 1656இல், 23 வயதில், சொந்தச் சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது. கண்ணாடி வில்லை தேய்க்கும் வேலை பார்த்தார். கடவுளும் இயற்கையும் வேறு வேறல்ல என்று எழுதினார். 1677 பிப்ரவரி 21ஆம் தேதி ஹேக் நகரில், ஓர் ஓவியருடைய வீட்டில் வாடகைக்கு இருந்தபடியே இறந்தபோது வயது 44.

ஆள் இறந்ததும் வீட்டுக்காரருக்குச் செலவுக் கணக்கு இருக்கிறது, சகோதரிக்கு வாரிசுக் கேள்வி இருக்கிறது. ஆகவே ஒரு நோட்டரி வந்து படுக்கை, துணிமணி என்று ஒவ்வொன்றாக எழுதினார். இதற்குத்தான் மரணச் சொத்துப் பட்டியல் என்று பெயர்: இறந்தவர் விட்டுப்போன சாமான்களைக் கடனுக்கும் வாரிசுக்கும் கணக்குப் பார்ப்பதற்காக எழுதுவது. புத்தகத்துக்கு அந்தக் காலத்தில் நல்ல மறுவிற்பனை விலை, அதனால் சுமார் 160 புத்தகங்களும் அதில் ஏறிவிட்டன. அந்த நோட்டரி தத்துவ வரலாற்றுக்குச் சேவை செய்ய வரவில்லை. பழைய சாமான் விலை பார்க்கத்தான் வந்தார். நமக்கு அதிர்ஷ்டம்.

என்ன இருந்தது? ஹீப்ரு பைபிள்கள், இலக்கணங்கள், அகராதிகள், லத்தீன் இலக்கியம், கணிதம், ஒளியியல், பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட், இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி. அப்புறம், பலரும் எதிர்பார்க்காத ஒன்று: கணிசமாக ஸ்பானிய இலக்கியம், அதில் செர்வாண்டிஸும் உண்டு. கல்நெஞ்சுக்காரர் மாதிரி, வடிவியல் பாணியில் வரையறை, தேற்றம், நிரூபணம் என்று எழுதிய மனிதர், ராத்திரியில் ஸ்பானியக் கதையும் கவிதையும் வைத்திருந்திருக்கிறார். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. வீட்டில் போர்த்துகீசியம், தொழுகைக்கூடப் பள்ளியில் ஹீப்ரு, தெருவில் டச்சு, எழுத லத்தீன், இலக்கியத்துக்கு ஸ்பானியம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், ஆபீஸில் ஆங்கிலம், பசாரில் எல்லாம் கலந்து என்று வாழ்கிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன.

சரி, இந்தப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம்? மாக்கியவெல்லி பட்டியலில் இருக்கிறார். ஸ்பினோசா கடைசியாக எழுதி முடிக்காமல் விட்ட அரசியல் நூலிலும் அவரைக் கூர்மையானவர் என்று மரியாதையோடு பேசுகிறார். அலமாரியும் குழம்பும் ஒத்துப்போகிறது, நல்லது. ஆனால் அதே அலமாரியில் கால்வினின் கிறிஸ்தவ இறையியல் நூலும் இருந்தது, ஸ்பானிய மொழிபெயர்ப்பில். ஸ்பினோசாவின் கடவுளுக்கும் கால்வினின் கடவுளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அது பிரிக்காத பெலாச்சான் பொட்டலமா, இல்லை தினமும் எடுத்துச் சண்டை போட்ட புத்தகமா? பட்டியலுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்த அறையில் இருந்ததிலேயே முக்கியமான காகிதம், அச்சேறாத அவருடைய சொந்தக் கையெழுத்துப் பிரதிகள். அவை எழுத்து மேசையோடு ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்து, அதே 1677இல் அச்சாகிவிட்டன. புத்தகங்களோ விற்றுப்போயின. இன்று நெதர்லாந்தில் ரைன்ஸ்பர்க் என்ற ஊரில் அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே அந்த நூலகமும் இருக்கிறது. பார்ப்பவர்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள். ஆனால் அங்கே இருப்பவை பட்டியலைப் பார்த்து, அதே தலைப்பு அதே பழைய பதிப்பு என்று பிற்காலத்தில் தேடிச் சேர்த்தவை. அவர் கைபட்ட பிரதிகள் இல்லை. அதாவது ரசீதை வைத்து மறுபடியும் மளிகை வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். மூடிப் பிசுக்குக்கு வழியில்லை.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினால்: பட்டியல் "கைக்கு எட்டியது எது" என்று சொல்லும். படித்தாரா, ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால் பட்டியல் வாய் திறக்காது.

## மூடிப் பிசுக்கு: மோன்தேன் வீட்டுக் கோபுரம்

பிசுக்கு வேண்டும் என்றால் பிரான்சுக்குப் போக வேண்டும். மோன்தேன் என்ற எழுத்தாளர், 1533இல் பிறந்தவர், 1571இல் தன் 38ஆவது பிறந்தநாளில் உத்தியோகத்தை விட்டுவிட்டு வீட்டுக் கோபுரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கீழே சிறு கோயில், நடுவில் படுக்கை, மேலே வட்டமான நூலக அறை, வளைந்த சுவரில் ஐந்து வரிசையாக ஆயிரம் புத்தகம். அதில் ஒரு பங்கு அவருடைய உயிர் நண்பர் லா போயெசி 1563இல் சாகும்போது இவருக்கு விட்டுப்போனது. அந்த நண்பரோடு பேசிய பேச்சு நின்றுபோன பிறகு, காகிதத்தோடு பேச ஆரம்பித்தார் என்று சொல்லலாம். அப்படிப் பேசியதுதான் 1580இல் 'கட்டுரைகள்' என்று வெளிவந்தது. கட்டுரை என்று நாம் பள்ளிக்கூடத்தில் எழுதித் தொலைத்த வடிவத்துக்கே ஆரம்பம் அங்கேதான். 1885இல் மாளிகை தீப்பிடித்தது. கோபுரம் தப்பித்துக்கொண்டது.

அந்த அறையின் கூரை உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதி வைத்திருந்தார், அறுபதுக்குக் கிட்டத்தட்ட. பலவும் பைபிளின் பிரசங்கி நூலிலிருந்தும், செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் என்ற பழங்கால ஐயவாதியிடமிருந்தும் எடுத்தவை. ஐயவாதம் என்றால், எந்தப் பக்கத்துக்கும் சமமான நியாயம் சொல்லலாம் என்பதால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திவைக்கும் போக்கு. மோன்தேன் எழுத்தைப் படித்தவருக்குத் தெரியும், ஒரு பக்கம் சொல்வார், அடுத்த பக்கம் தானே மறுப்பார், கடைசியில் "எனக்கென்ன தெரியும்" என்று தோளைக் குலுக்குவார். அந்தத் தோள் குலுக்கல் தலைக்கு மேலேயே உத்தரத்தில் எழுதியிருந்தது! அதிலும் சில உத்தரங்களில் பழைய வாசகத்தின் மேலேயே புது வாசகம் எழுதியிருக்கிறார். மனசு மாறியதும் கூரையை மாற்றியிருக்கிறார் மனிதர்.

ஓரக்குறிப்பு என்ற சொல்லை இங்கே சொல்லிவிடுகிறேன்: புத்தகத்தின் ஓரத்தில், காலி இடத்தில், படிப்பவர் கையால் எழுதுவது. மோன்தேன் வைத்திருந்த ஆயிரத்தில் இன்றைக்குச் சுமார் நூறு புத்தகங்களே எங்கே இருக்கின்றன என்று தெரியும். அதில் ஒன்று ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் 1563 பதிப்பு. உலகம் அணுக்களால் ஆனது, சாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று பாடிய கவிஞர். இந்தப் பிரதி மோன்தேனுடையது என்று 1980களின் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள், இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும் காலித்தாள் நிறைய லத்தீனில் எழுதியிருக்கிறார், ஓரங்களில் பிரெஞ்சில். படித்து முடித்த தேதி 1564 அக்டோபர் 16 என்றும் குறித்திருக்கிறார். கோபுரத்துக்குள் போவதற்கு ஏழு வருஷம் முந்தி. இங்கே பட்டியல் மாதிரி ஊகிக்க வேண்டியதில்லை. படித்தார், எப்போது படித்தார், எங்கே நின்று யோசித்தார் எல்லாம் கண்ணால் பார்க்கலாம். 'கட்டுரைகள்' முழுக்க லுக்ரீஷியஸ் வரிகள் நூற்றுக்கு மேல் வருகின்றன. ஆனால் மோன்தேன் அணுக்கொள்கைக்காரராக மாறவில்லை. சாவைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொண்டார், மீதியை அங்கேயே விட்டுவிட்டார்.

இதைப் பார்த்துவிட்டு, ஓரக்குறிப்பு இல்லாத புத்தகம் எல்லாம் படிக்காத புத்தகம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி (1704இல் இறந்தார்) 3,600க்கு மேற்பட்ட தலைப்புகள் வைத்திருந்தவர். கணக்குப்பிள்ளை மாதிரி ஆள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தின் அச்சிட்ட அட்டவணையை வாங்கி, இடையிடையே வெள்ளைத்தாள் வைத்துத் தைத்து, அதிலேயே தன் புத்தகங்களைக் குறித்து வைத்துக்கொண்டவர். ஆனால் ஓரத்தில் அதிகம் எழுத மாட்டார். பிடித்த பகுதியைத் தனியாக ஒரு பொதுக்குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார், அதாவது படித்ததைத் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதி வைக்கும் நோட்டில். அதற்கு அகரவரிசை போடுவது எப்படி என்று தனியாக ஒரு முறையே கண்டுபிடித்து 1686இல் வெளியிட்டார். சுத்தமான ஓரம் சில சமயம் சுத்தக்காரரின் அடையாளம், அவ்வளவுதான்.

## எதிர்வீட்டுக் கறிவேப்பிலை: ஷோபன்ஹவரும் உபநிடதமும்

இதை எழுதத் தூண்டியதே போன மாதம் கேட்ட ஒரு பேச்சு. எந்தக் கூட்டம், யார் பேசினார் என்பதெல்லாம் வேண்டாம். "ஜெர்மானியத் தத்துவஞானி ஷோபன்ஹவர் வீட்டில் உபநிடதம் இருந்தது, அவர் தத்துவம் முழுக்க நம்மிடமிருந்து எடுத்ததுதான்" என்றார், கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் பிடித்தது. நானும் தட்டினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் வீட்டுக்கு வந்து தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

1813இல் ஷோபன்ஹவர் தன் முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்கிறோமே, அந்தக் காரணம் எத்தனை வகை என்பது பற்றியது. அதிலேயே கான்ட், பிளேட்டோ என்ற முந்தைய தத்துவவாதிகள் அவருக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். 1814 வசந்தத்தில்தான் வைமார் நகரத்துக் கோமகன் நூலகத்திலிருந்து உபநிடத மொழிபெயர்ப்பை எடுத்தார். இரவல் பதிவேட்டில் இருக்கிறது. பிற்பாடுதான் சொந்தப் பிரதி. அந்த மொழிபெயர்ப்பின் பயணமும் லேசுப்பட்டதல்ல: சமஸ்கிருதத்திலிருந்து 1657இல் முகலாய இளவரசர் தாரா ஷிகோ ஏற்பாட்டில் பாரசீகத்துக்கு, அதிலிருந்து ஆன்கெட்டில் துபெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கையால் 1801, 1802இல் லத்தீனுக்கு. மூன்றாம் கை மாறி வந்த சரக்கு. ஷோபன்ஹவரின் பெரிய நூல் 1818 கடைசியில் வெளிவந்தது.

ஆக, 1814க்கும் 1818க்கும் நடுவில் உபநிடதம் உள்ளே போயிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. வாழ்நாள் முழுக்க அதைக் கொண்டாடினார், வாழும்போதும் சாகும்போதும் தனக்கு ஆறுதல் அதுதான் என்று எழுதினார். ஆனால் அதே 1818 நூலின் முன்னுரையில் அவரே இன்னொன்றும் சொல்கிறார்: உபநிடதத்தின் உதிரி வாக்கியங்களை என் சிந்தனையிலிருந்து வருவிக்க முடியும், என் சிந்தனையை உபநிடதத்தில் கண்டுபிடிக்க முடியாது என்று. கர்வம் பிடித்த மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் "முழுக்க நம்மிடமிருந்து எடுத்தது" என்ற பேச்சு அந்தத் தேதி வரிசையில் நிற்காது. ஏற்கெனவே அடுப்பில் ஏறிவிட்ட குழம்பில் விழுந்த கறிவேப்பிலை அது. வாசம் முழுக்க மாறிப்போகலாம், அதற்காகக் குழம்பே கறிவேப்பிலை ஆகிவிடாது.

கவனித்தீர்களா, இங்கே உண்மையைக் காட்டிக்கொடுத்தது அவர் வீட்டு அலமாரி இல்லை, வேறொருவர் நூலகத்தின் இரவல் பதிவேடு. சொந்த நூலகத்தை மட்டும் பார்த்திருந்தால் 1814 என்ற தேதியே கிடைத்திருக்காது. தேதி கிடைத்தால் எது முந்தி, எது பிந்தி என்று தெரியும். பிந்தி வந்ததிலிருந்து முந்தி இருந்தது பிறந்திருக்க முடியாது. இந்தச் சின்னச் சோதனை ஒன்றைச் செய்தாலே மண்டபப் பேச்சில் பாதி அடங்கிவிடும்.

## அப்படியானால் தாக்கம் எப்படித்தான் நடக்கிறது?

தாக்கம் என்பதைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், அங்கே திறந்தால் இங்கே கொட்டும் என்று. என் அறிவுக்கு எட்டியவரை நடப்பது வேறு. ஒருவருக்குள் ஏற்கெனவே ஒரு கேள்வி கிடந்து அரித்துக்கொண்டிருக்கும். புத்தகம் அந்தக் கேள்விக்கு ஒரு சொல் கொடுக்கும், சில சமயம் ஓர் எதிரியைக் கொடுக்கும். அந்தச் சொல்லை எடுத்தவர் தன் கேள்விக்குத் தோதாக வளைப்பார். வளைந்த இடத்தைக் காட்ட முடிந்தால்தான் தாக்கத்தைக் காட்டியதாக அர்த்தம்.

நமக்குப் பழக்கமான ஆளை வைத்தே பார்ப்போம். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார், ஜான் டூவி என்ற அமெரிக்கத் தத்துவவாதியிடம் பாடம் கேட்டார். புத்தகப் பைத்தியம். 1917இல் லண்டனிலிருந்து திரும்பும்போது கப்பலில் தனியாக அனுப்பிய புத்தகங்கள், உலகப் போரில் கப்பல் தாக்கப்பட்டுக் கடலுக்குள் போய்விட்டன. பிறகு பம்பாய் தாதரில் 'ராஜகிருகம்' கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கிக் கட்டினார். அவருடைய புத்தகங்களில் ஒரு பகுதி இப்போது மும்பை சித்தார்த்தா கல்லூரியில் இருக்கிறது. டூவியின் 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற 1916 நூலின் அவருடைய சொந்தப் பிரதியும், அவர் போட்ட கோடுகளோடு, அதில் உண்டு.

சரி, வைத்திருந்தார், படித்தார், இரண்டு படி ஏறியாயிற்று. மூன்றாவது, நாலாவது? இங்கே ஒரு விசித்திரமான சொல் உதவிக்கு வருகிறது: எண்டாஸ்மோசிஸ். உயிரியல் சொல். மெல்லிய சவ்வின் வழியே திரவம் உள்ளே ஊடுருவிப் போவது, தமிழில் உள்ளூடுபரவல் எனலாம். டூவி இதைச் சமூகத்துக்கு எடுத்து வந்தார்: சலுகை பெற்ற வர்க்கம், அடங்கிக் கிடக்கும் வர்க்கம் என்று பிரித்துவிட்டால் சமூக உள்ளூடுபரவல் நின்றுபோகிறது என்று அந்த நூலில் எழுதினார். இருபது வருஷம் கழித்து, 1936இல், அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை அச்சிடுகிறார். லாகூரில் பேசுவதற்காக எழுதி, அழைத்தவர்களே பயந்து ரத்து செய்த உரை அது. அதில் சாதியில்லாத லட்சியச் சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அதே சொல், அதே 'சமூக உள்ளூடுபரவல்'. அரசியல் மேடைக்கு எழுதிய உரையில் யாரும் தற்செயலாகப் போடக்கூடிய சொல்லா அது! கைரேகை மாதிரி. அதே உரையில் டூவியை என் ஆசிரியர், அவருக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன் என்று பெயர் சொல்லியே நன்றியும் சொல்கிறார்.

ஆனால் பாருங்கள் எங்கே வளைக்கிறார் என்று. டூவிக்கு முன்னால் இருந்தது அமெரிக்கப் பள்ளிக்கூடமும் வர்க்கப் பிரிவும். அம்பேத்கருக்கு முன்னால் இருந்தது தொட்டாலே தீட்டு என்ற சுவர். அவர் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் சகோதரத்துவத்தோடு கட்டுகிறார், இதுதான் சகோதரத்துவம், ஜனநாயகத்துக்கு இன்னொரு பெயர் இதுவே என்கிறார். அதோடு நிற்காமல், சாதியைப் புனிதமாக்கும் சாஸ்திரங்களின் அதிகாரத்தை உடைக்காமல் சவ்வு திறக்காது என்ற இடத்துக்குப் போகிறார். அந்தக் கடைசிப் படி டூவி புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. கேள்வி மஹாராஷ்டிர மண்ணிலிருந்து வந்தது, சொல் நியூயார்க்கிலிருந்து வந்தது.

நூலகம் செய்கிற வேலை இதுதான். அது விடையைக் கொடுத்தனுப்புவதில்லை. ஏற்கெனவே அரிக்கிற கேள்விக்குப் பக்கத்தில் சில சொற்களைக் கொண்டுவந்து வைக்கிறது.

## புத்தகம் மட்டும் போதுமா என்று ஹாப்ஸைக் கேட்டால்

சின்ன இடைச்செருகல். தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1608 முதல் கேவண்டிஷ் என்ற பிரபுக் குடும்பத்தில் வாத்தியாராக இருந்தவர். கேட்ட புத்தகம் வாங்கிக் கொடுக்கிற முதலாளி, கிராமத்து மாளிகை, நல்ல நூலகம். அப்படி ஒரு வேலை எனக்குக் கிடைத்தால் பினாங்குக் கொடி மலை மேல் என்றாலும் நடந்தே போய்ச் சேருவேன். ஆனால் ஹாப்ஸ், புத்தகம் இருந்தது, பேசத்தான் படித்த ஆள் இல்லை, அது பெரிய குறை என்று சொன்னதாக அவர் வாழ்க்கையை எழுதிய நண்பர் ஆப்ரி பதிவு செய்திருக்கிறார். மற்றவர்கள் அளவுக்கு நானும் படித்திருந்தால் அவர்கள் அளவுக்குத்தான் எனக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு குத்தலும் உண்டு. அலமாரியை மட்டும் அளந்து ஆளை அளப்பவர்களுக்கு அந்தக் குத்தல்.

## யார் கையில் போய்ச் சேர்ந்தது?

ஒரு நூலகம் முதல் சொந்தக்காரரிடமிருந்து யார் யார் கைக்குப் போனது என்ற வரலாற்றைக் கைமாற்றத் தடம் என்று சொல்லலாம். இந்தத் தடம் அறுந்தால் மேலே சொன்ன எதையுமே செய்ய முடியாது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் தீதெரோ, வால்டேர் என்ற இரண்டு பிரெஞ்சுத் தத்துவவாதிகளின் நூலகத்தை வாங்கினார். தீதெரோ மகள் கல்யாணச் செலவுக்குக் கஷ்டப்படுகிறார் என்று கேள்விப்பட்டு 1765இல் 15,000 லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வாங்கி, நீங்கள் சாகும்வரை நீங்களே வைத்திருங்கள் என்று சம்பளமும் கொடுத்தார். வால்டேர் 1778இல் இறந்ததும் அவருடையதையும் வாங்கினார், கிட்டத்தட்ட 7,000 தொகுதிகள். வால்டேருடையது இன்றைக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஒரே இடத்தில், ஓரங்களில் அவர் திட்டித் தீர்த்திருக்கும் குறிப்புகளோடு இருக்கிறது. தீதெரோவுடையது மற்ற புத்தகங்களோடு கலந்து சிதறிப்போனது. வாங்கிய கை ஒன்றுதான். ஒருவரின் படிப்பை இன்றைக்கும் பின்தொடரலாம், இன்னொருவருக்கு ஊகம்தான்.

நம் பக்கத்திலும் தடங்கள் உண்டு. பினாங்கு ஜார்ஜ் டவுனில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கிற நினைவுச்சின்னம் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கானது. மலாய்த் தீவுக்கூட்டத்து மொழிகளையும் மக்களையும் பற்றி ஆய்விதழ் நடத்தியவர். 1869இல் அவர் இறந்து பத்து வருஷம் போல ஆனதும், அவர் சேர்த்த மொழியியல் புத்தகங்கள் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் நூலகத்துக்கு விலைக்குப் போயின. பினாங்குக்கு மிஞ்சியது அந்த நினைவுச்சின்னம். நேர்மாறாக, 1987இல் சையது நகிப் அல்-அத்தாஸ் கோலாலம்பூரில் தொடங்கிய இஸ்தாக் என்ற இஸ்லாமியச் சிந்தனை ஆய்வு நிறுவனம், இன்றைய பாகிஸ்தான் பகுதியில் பிறந்து சிகாகோவில் கற்பித்த இஸ்லாமியத் தத்துவச் சிந்தனையாளர் ஃபஸ்லுர் ரஹ்மானின் சொந்த நூலகத்தை வாங்கி இங்கே கொண்டுவந்தது. சென்னையில் மறைமலையடிகள் நூலகம் 1958இல் தொடங்கியதும் அவர் வீட்டுப் புத்தகங்களை வைத்துத்தான். தனித்தமிழையும் சைவ சித்தாந்தத்தையும் பேசிய மனிதர் என்னென்ன ஆங்கிலப் புத்தகம் படித்தார் என்று பார்க்க வேண்டியவர்கள் அங்கேதான் போக வேண்டும்.

## திரும்பவும் செந்தூலுக்கு

காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, அலமாரியைக் காலி செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். பழைய பேப்பர் வாங்குகிற பேப்பர் லாமா லாரி தெருமுனையில் கூவிக்கொண்டே வந்துவிட்டது. எதையும் நகர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் அடுக்கியிருந்த வரிசையிலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அத்தை மகன் சிரித்தான்.

மார்க்ஸ் புத்தகங்களில் பாதியில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, பிரித்த மாதிரியே தெரியவில்லை. பெரியார் தொகுப்பு ஒன்றில் அடையாளத்துக்கு ஒரு ஸ்ரீ ஜெயா பஸ் டிக்கெட், அந்தப் பக்கத்து ஓரத்தில் பெரியப்பாவின் குண்டு குண்டுப் பென்சில் எழுத்து: "சரி. தோட்டத்தில் இது நடக்குமா?" தேதி இல்லை. அதற்கு நாலு பக்கம் தள்ளி இன்னொன்று: "நடக்காது." அதையும் அடித்துவிட்டிருந்தார்.

தேய்ந்துபோன திருமந்திரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனபோது பெரியம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, அதை மட்டும் வெச்சிட்டுப் போ. அது உங்க பெரியப்பா தொட்டதே இல்ல, ராத்திரி நான் படிக்கிறது."